பி.கே. நாயர்: ஒரு திரைக்காதலரும் அவர் காத்த படங்களும்

பி.கே. நாயர் (ஏப்ரல் 6, 1933 – மார்ச் 4, 2016) புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை உருவாக்கி வளர்த்தவர். முழுப்பெயர் பரமேஷ் கிருஷ்ணன் நாயர். அவர் 1991-ல் ஓய்வுபெற்றபோது காப்பகத்தில் சுமார் 12,000 படங்கள் இருந்தன. அவற்றில் ஏறத்தாழ 8,000 இந்தியப் படங்கள். இந்தியாவில் மௌனப்படக் காலத்திலிருந்து இன்று பார்க்கக் கிடைக்கும் சொற்பமான படங்களில் பல அவருடைய அலைச்சலால் கிடைத்தவை.

சினிமாவை நேசிக்கும் எவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். பிடித்த புராணப்படம், பிடித்த சண்டைப்படம், பிடித்த காதல்படம், பிடித்த அயல்நாட்டுப்படம் என்று அது நீளும். நாயரிடமும் அழுத்தமான விருப்பங்கள் இருந்தன. ஆனால் அவர் ஏற்ற வேலை, தனக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் ஒரே அலமாரியில் ஒரே கவனத்துடன் வைக்கவேண்டிய வேலை. அவருடைய வாழ்க்கையில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதி இதுதான்.

இளமை

நாயர் திருவனந்தபுரத்தில் பிறந்தார். குடும்பத்தில் சினிமா பார்ப்பது நல்ல பழக்கமாகக் கருதப்படவில்லை. தரையில் மணல் பரப்பிய கொட்டகையில் அமர்ந்து பார்த்த புராணப் படங்களே அவருடைய முதல் சினிமா அனுபவம். கே. சுப்ரமணியம் இயக்கிய அனந்தசயனம் (1942) அவற்றுள் ஒன்று.

திருவிதாங்கூரில் வளர்ந்த ஒரு மலையாளச் சிறுவனின் முதல் படங்கள் தமிழ்ப் படங்களாக இருந்ததில் வியப்பில்லை. மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் 1938-ல்தான் வெளியானது. அதுவும் சேலத்தில், டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் பிறகும் சில ஆண்டுகளுக்கு மலையாளத்தில் அத்தி பூத்ததுபோலத்தான் படங்கள் வந்தன. கொட்டகைகளை நிரப்பியவை சென்னையிலிருந்தும் சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் வந்த தமிழ்ப் படங்களே.

சிறுவயதிலேயே நாயரிடம் சேகரிக்கும் பழக்கம் இருந்தது. பார்த்த படங்களின் டிக்கெட் துண்டுகளை எடுத்து வைத்தார். அன்று ரயில் நிலையங்களில் இருந்த எடை பார்க்கும் இயந்திரத்தில் காசு போட்டால் நடிகர் நடிகையரின் படம் போட்ட அட்டை விழும். அதையும் சேர்த்தார். பிற்காலத்தில் சுவரொட்டிகள், பாட்டுப் புத்தகங்கள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் காப்பகத்துக்குள் கொண்டுவந்தவரிடம் இந்தச் சிறுவனை எளிதாக அடையாளம் காணலாம்.

1953-ல் கேரளத்தில் அறிவியல் பட்டம் பெற்றதும் நாயர் பம்பாய்க்குச் சென்றார். இயக்குநராக வேண்டும் என்பது ஆசை. மெஹ்பூப் கான், பிமல் ராய், ஹிரிஷிகேஷ் முகர்ஜி ஆகியோரின் அருகில் இருந்து படப்பிடிப்பைக் கண்டார். படம் எடுப்பதற்கு வேண்டிய குணங்கள் தன்னிடம் இல்லை என்பதையும், படங்களைப் பற்றி ஆராய்வதிலேயே தன் மனம் செல்கிறது என்பதையும் அங்கு உணர்ந்தார். ஃபிலிம்ஸ் டிவிஷனில் இருந்த ஜான் பவ்நாகரியின் ஆலோசனைப்படி 1961 மார்ச்சில் புனே திரைப்படக் கல்லூரியில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார். பழைய பிரபாத் ஸ்டூடியோவின் வளாகத்தில் அந்தக் கல்லூரி தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது.

காப்பகம்

திரைப்படக் கல்லூரியில் நாயரின் முதல் பணி பாடத்துக்கு வேண்டிய படங்களைத் தேடித் தருவது. மாணவர்களுக்கு ஒளிப்பதிவும் படத்தொகுப்பும் சொல்லிக்கொடுக்க நல்ல படங்களைப் போட்டுக் காட்டவேண்டும். அவை எங்கே இருக்கின்றன என்று தேடத் தொடங்கியபோதுதான் நிலைமையின் தீவிரம் தெரிந்தது. பல இடங்களில் படம் இல்லை. படப்பெட்டிகள் இருந்த இடங்களில் உள்ளே இருந்தது பிசுபிசுத்த கூழ் அல்லது பழுப்புத் தூள்.

உலகின் பிற திரைப்படக் காப்பகங்களுக்கு நாயர் கடிதங்கள் எழுதினார். இந்தியாவில் அப்படி ஒன்றைத் தனி நிறுவனமாக அமைப்பது எப்படி என்று விவரம் திரட்டினார். 1964 பிப்ரவரியில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கப்பட்டது. 1965-ல் நாயர் அதன் உதவிக் காப்பாளரானார். 1982-ல் இயக்குநர். 1969-ல் காப்பகம் திரைப்படக் காப்பகங்களின் சர்வதேசக் கூட்டமைப்பில் உறுப்பினரானது. அதன்வழியே பிற நாடுகளுடன் படங்களைப் பரிமாறிக்கொள்ளும் வாய்ப்பு திறந்தது.

அச்சான நூலின் பிரதிகளைக் குறிப்பிட்ட நூலகங்களுக்குத் தரவேண்டும் என்று இந்தியாவில் சட்டம் உண்டு. திரைப்படத்துக்கு அப்படி இல்லை. தயாரிப்பாளர் விரும்பினால் தருவார், இல்லாவிட்டால் இல்லை. ஓடி முடிந்த படத்தை ஒருவர் கேட்டு வருகிறார் என்றால் அதில் ஏதோ பணம் இருக்கிறது என்று எண்ணியவர்களே அதிகம். ஆகவே நாயரின் வேலை பெரும்பாலும் வீடு வீடாகச் சென்று கேட்பது. ஸ்டூடியோ கிடங்குகள், விநியோகஸ்தர்களின் அலுவலகங்கள், வாரிசுகளின் வீடுகள், சில சமயம் பழைய பொருட்கள் விற்கும் கடைகள்.

ஃபால்கேயின் சுருள்கள்

தாதாசாகேப் ஃபால்கேயின் ராஜா ஹரிச்சந்திரா 1913 மே 3-ல் பம்பாய் கொரோனேஷன் அரங்கில் வெளியானது. இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படம் என்று எல்லாப் பாடநூல்களிலும் இருக்கும் படம். ஃபால்கே 1944-ல் நாசிக்கில் ஏறத்தாழ மறக்கப்பட்ட நிலையில் இறந்தார். நாயர் அவருடைய குடும்பத்தாரைத் தேடிச் சென்றபோது இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தத் தேடலில் ராஜா ஹரிச்சந்திராவின் சில பகுதிகளும், 1919-ல் வெளியான காளிய மர்தனமும் கிடைத்தன. காளிய மர்தனம் துண்டு துண்டாக இருந்தது. அதை வரிசைப்படுத்திப் படமாக்கவேண்டியிருந்தது. ஃபால்கேயின் மகள் மந்தாகினி குழந்தைக் கிருஷ்ணனாக நடித்த படம் அது. பாம்பின் தலைமேல் ஆடும் அந்தச் சிறுமியை இன்று எவரும் பார்க்கலாம் என்றால் அதற்கு ஒரு வீட்டில் பெட்டிகளைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததும், ஒருவர் வந்து கேட்டதும் காரணங்கள்.

கிடைத்த ராஜா ஹரிச்சந்திரா 1913-ன் மூலப்படம்தானா, 1917-ல் ஃபால்கே அதே கதையை மறுபடியும் எடுத்ததன் பகுதியா என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே உண்டு. எதுவானாலும், ஃபால்கேயின் கையைப் பார்ப்பதற்கு வேறு வழி அதிகமில்லை. மௌனக் காலத்தில் இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. முழுமையாகவோ பகுதியாகவோ எஞ்சியவை அவற்றில் மிகச் சிலவே.

பம்பாய் டாக்கீஸின் ஜீவன் நையா, அச்சூத் கன்யா (இரண்டும் 1936), கங்கன், பந்தன், கிஸ்மத் (1943) முதலிய படங்களும் நாயரால் காப்பகத்துக்கு வந்தன. கிஸ்மத் கல்கத்தாவில் ஒரே அரங்கில் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் ஓடிய படம். அவ்வளவு பேர் பார்த்த படத்துக்கும் பாதுகாப்பு ஒன்றும் தானாக அமைந்துவிடவில்லை.

வெள்ளிக்காக அழிந்த படங்கள்

1950-களின் தொடக்கம் வரை திரைப்படங்கள் நைட்ரேட் சுருளில் அச்சிடப்பட்டன. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவுள்ள பொருள் அது. வெப்பம் மிகுந்தால் எளிதில் தீப்பற்றும், பற்றினால் தண்ணீர் ஊற்றியும் அணைக்கமுடியாது. தீப்பற்றாவிட்டாலும் இந்தியாவின் வெப்பத்திலும் ஈரத்திலும் சில பத்தாண்டுகளில் மெல்ல மெல்லக் கரையும். கல்கத்தாவின் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் 1940-ல் ஏற்பட்ட தீ அதன் புகழ்பெற்ற படங்கள் பலவற்றின் மூலப்பிரதிகளை அழித்தது.

ஆனால் தீயைவிடவும் காலத்தைவிடவும் பெரிய எதிரி வெள்ளி. கறுப்பு வெள்ளைப் படத்தின் பிம்பம் வெள்ளித் துகள்களால் ஆனது. ஓடி முடிந்த படத்தின் சுருள்களை எடைக்கு விற்றால் வாங்குபவர் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுப்பார். எஞ்சிய செல்லுலாய்ட் வளையல்களும் கைப்பைகளும் செய்யப் போகும். ஒரு நகரத்தின் பெண்கள் அணிந்த வளையல்களில் எத்தனை கதாநாயகிகள் இருந்தார்கள் என்று யாரும் கணக்கிட முடியாது.

1931 மார்ச் 14-ல் வெளியான ஆலம் ஆரா இந்தியாவின் முதல் பேசும்படம். அதன் இயக்குநர் அர்தேஷிர் இரானியை நாயர் அவருடைய முதுமையில் சென்று சந்தித்தார். அந்தச் சந்திப்பைப் பற்றி நாயர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். படத்தின் சில சுருள்கள் ஸ்டூடியோவில் எங்கோ இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம் என்றார் இரானி. வெளியே வந்ததும் அவருடைய மகன் நாயரைத் தனியே அழைத்து உண்மையைச் சொன்னார். வெள்ளியை எடுப்பதற்காக அந்தச் சுருள்களைத் தானே கொடுத்துவிட்டதாகவும், தந்தைக்கு அது தெரியாது என்றும். இரானி 1969-ல் காலமானார். ஆலம் ஆராவின் ஒரு சட்டகம்கூட இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் புகைப்படங்களும் விளம்பரங்களும் மட்டுமே உள்ளன.

அதே ஆண்டு அக்டோபரில் வெளியான, தமிழின் முதல் பேசும்படமாகக் கொள்ளப்படும் காளிதாஸ் படமும் இல்லை. சென்னையில் ஆர். நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் கதைப்படமான கீசக வதமும் இல்லை. அவர் எடுத்த மற்ற மௌனப் படங்களும் இல்லை. பொதுவாகத் தமிழில் ஒரு திரைக்காதலர் தன் விருப்பப் படங்களைச் சொல்லத் தொடங்கினால் அது 1930-களின் பிற்பகுதியிலிருந்துதான் தொடங்கும். அதற்கு முன்பு விரும்பத்தக்கவை இருந்தனவா இல்லையா என்பதைச் சொல்ல இன்று சாட்சி மிகக் குறைவு.

மார்த்தாண்ட வர்மா

தென்னிந்திய மௌனப் படங்களில் எஞ்சிய ஒன்று மார்த்தாண்ட வர்மா. சி.வி. ராமன் பிள்ளையின் புகழ்பெற்ற மலையாள வரலாற்று நாவலை (1891) ஒட்டி நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கி, 1933-ல் வெளியானது. நாயர் பிறந்த ஆண்டும் அதுவே, படம் திரையிடப்பட்ட ஊரும் அவர் ஊரே.

நாவலின் உரிமை திருவனந்தபுரம் கமலாலயா புத்தக நிலையத்திடம் இருந்தது. அனுமதி பெறாமல் படம் எடுத்ததாக அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். படம் நிறுத்தப்பட்டது. பிரதி பதிப்பகத்தாரின் கைக்கு வந்தது. தயாரிப்பாளர் பெரும் நஷ்டமடைந்தார். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1974-ல், அந்தப் பிரதி புத்தக நிலையத்திலிருந்து காப்பகத்துக்கு வந்தது.

வழக்கு நடந்திராவிட்டால் படம் ஊர் ஊராக ஓடித் தேய்ந்திருக்கும், கடைசியில் எடைக்குப் போயிருக்கும். ஓடாமல் போனதால் பிழைத்தது. அதே வட்டாரத்தில் அதற்குச் சற்று முன்பு ஜே.சி. டேனியல் தன் சொத்தை விற்று எடுத்த விகதகுமாரன் படத்துக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதன் சுருள்களை டேனியலின் மகன் சிறுவனாக இருந்தபோது விளையாட்டாக எரித்துவிட்டதாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். மலையாள சினிமாவின் தந்தை என்று இன்று கொண்டாடப்படும் டேனியலின் ஒரே படம் அது.

எந்தப் படம் நிற்கும், எது அழியும் என்பதைப் படத்தின் தரமோ, மக்களின் விருப்பமோ முடிவு செய்யவில்லை என்பதற்கு இந்த இரண்டு படங்களே போதும்.

விருப்பமும் காப்பும்

நாயரை இந்தியாவின் ஆன்றி லாங்லுவா என்று சொல்வதுண்டு. லாங்லுவா 1936-ல் நண்பர்களுடன் பாரிஸில் சினிமாதேக் ஃப்ரான்சேஸ் என்ற திரைப்படக் காப்பகத்தைத் தொடங்கியவர். வீட்டின் குளியல் தொட்டியில் படச்சுருள்களை வைத்திருந்தவர் என்று ஒரு கதை உண்டு. கிடைத்த படத்தையெல்லாம் சேர்த்தார், சேர்த்ததையெல்லாம் போட்டுக் காட்டினார். அவருடைய சிறிய அரங்கில் ஒரே மாலையில் ஜெர்மானிய மௌனப்படமும், ஹாலிவுட் துப்பறியும் படமும், பிறிதொரு நாட்டின் நகைச்சுவைப் படமும் அடுத்தடுத்து ஓடும். த்ரூஃபோ, கொதார், ரிவெத் போன்றோர் சினிமா கற்றது அங்கேதான்.

அதே காலத்தில் லண்டனின் தேசியத் திரைப்பட நூலகத்தை நடத்திய எர்னஸ்ட் லிண்ட்கிரென் நேர் எதிரான முறையைக் கைக்கொண்டார். குழு அமைத்துப் படங்களைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்த படத்தைக் குளிர்ந்த அறையில் பூட்டினார். நல்ல நகல் எடுக்கும்வரை திரையிட மறுத்தார். காட்டினால் தேயும் என்பது அவர் வாதம், காட்டாத படம் செத்த படம் என்பது லாங்லுவாவின் வாதம். காப்பகத்துறையில் இன்றும் தீராத விவாதம் இது. லிண்ட்கிரென் காத்த பிரதிகள் இன்றும் நல்ல நிலையில் உள்ளன என்பதை லாங்லுவாவின் அன்பர்கள் எளிதில் மறந்துவிடுவார்கள்.

நாயர் ஓர் அரசு ஊழியர். வரவு செலவு, தேர்வு விதிகள், ஆண்டறிக்கை எல்லாம் அவருக்கு உண்டு. விருது பெற்ற படங்கள், விழாக்களில் காட்டப்பட்ட படங்கள், பெரும் வெற்றி பெற்ற படங்கள் என்று வரிசைப்படுத்தித்தான் பிரதிகளுக்குப் பணம் ஒதுக்க முடியும். ஆனால் மனத்தளவில் அவர் லாங்லுவாவின் பக்கம். காப்பாளர் நீதிபதி ஆகக்கூடாது என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு. இன்று குப்பை என்று ஒதுக்கப்படும் படம் ஐம்பது ஆண்டுகள் கழித்து எதற்குத் தேவைப்படும் என்று இன்றைய ரசனையால் சொல்லமுடியாது.

இந்தியச் சூழலில் இந்த நிலைப்பாட்டுக்குத் தனி மதிப்பு உண்டு. 1930-களில் படங்களைப் புராணப்படம், பக்திப்படம், சரித்திரப்படம், சமூகப்படம், ஸ்டண்ட் படம் என்று வகை பிரித்தே விளம்பரப்படுத்தினார்கள். படித்தவர்கள் மதித்தது சமூகப்படத்தை மட்டும். ஸ்டண்ட் படம் கூலிக்காரர்களின் பொழுதுபோக்கு என்றும், புராணப்படம் பாமரரின் பக்தி என்றும் ஒதுக்கப்பட்டன. 1952-ல் பம்பாய், சென்னை முதலிய நகரங்களில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் பைசிக்கிள் தீவ்ஸும் ரஷோமானும் காட்டப்பட்ட பின், திரைப்படச் சங்கங்களில் வளர்ந்த தலைமுறை இந்திய வணிகப் படங்களையே ஒட்டுமொத்தமாக ஒதுக்கியது. ரேயை விரும்புகிறவர் ஹண்டர்வாலியை விரும்புவதாகச் சொல்ல வெட்கப்பட்டார்.

நாயரும் அந்தத் திரைப்படச் சங்கத் தலைமுறையைச் சேர்ந்தவர்தான். ஆனால் மணல் தரையில் அமர்ந்து அனந்தசயனம் பார்த்த சிறுவனை அவர் கைவிடவில்லை. ஃபால்கேயின் தந்திரக் காட்சிகளும், சந்திரலேகாவின் முரசு நடனமும், ரித்விக் கட்டக்கின் படங்களும் அவருக்கு ஒரே வரலாற்றின் பகுதிகள். ஃபால்கேயைப் பழைய காலத்தின் ஆர்வக்கோளாறாகப் பார்க்காமல் தேர்ந்த கலைஞராக அணுகியவர்களில் நாயர் முக்கியமானவர்.

எஸ்.எஸ். வாசனின் சந்திரலேகா (1948) காப்பகத்துக்கு வந்ததும், உதயசங்கரின் கல்பனா (1948) வந்ததும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. இரண்டும் சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவானவை. சந்திரலேகா நாடெங்கும் ஓடியது. நடனக் கலைஞரின் ஒரே திரைப்படமான கல்பனா தோற்றது. காப்பகத்தில் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. கே. சுப்ரமணியத்தின் தியாக பூமி (1939), வெளியான சில மாதங்களில் ஆங்கில அரசால் தடைசெய்யப்பட்ட படம், இன்று பார்க்கக் கிடைப்பதும் புனே காப்பகத்தில் உள்ள பிரதியால்தான்.

இருட்டில் ஒரு குறிப்பேடு

காப்பகத்துக்கு வரும் படங்களை நாயர் தானே அமர்ந்து பார்த்தார். கையில் சிறிய டார்ச் விளக்கு, மடியில் குறிப்பேடு. எந்தக் காட்சி எத்தனையாவது சுருளில் வருகிறது, எங்கே பிரதி கிழிந்திருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று இருட்டில் எழுதிக்கொண்டே பார்ப்பார். ஒரு காட்சியைச் சொன்னால் அது எத்தனையாவது சுருள் என்று சொல்லிவிடுவார் என அவருடைய மாணவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

புனே திரைப்படக் கல்லூரியில் 1960-களிலும் 70-களிலும் படித்த அடூர் கோபாலகிருஷ்ணன், மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆப்ரகாம், கிரீஷ் காசரவள்ளி, நசீருதீன் ஷா ஆகியோரின் சினிமா அறிவு பெருமளவுக்கு அந்தக் காப்பகத்தின் திரையில் உருவானது. இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியிலிருந்து ஒளிப்பதிவு படிக்கச் சென்ற பாலு மகேந்திராவும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். 1970-களின் இறுதியில் தமிழிலும் மலையாளத்திலும் கன்னடத்திலும் எழுந்த மாற்றங்களுக்குப் பின்னால் புனேயின் இரவுக் காட்சிகளும் இருந்தன.

மாரி சீட்டன், சதீஷ் பகதூர் ஆகியோருடன் இணைந்து நாயர் திரைப்பட ரசனைப் பயிற்சி வகுப்புகளுக்கு அடித்தளமிட்டார். அவ்வகுப்புகள் புனேயோடு நிற்கவில்லை. கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் ஹெக்கோடு என்ற சிற்றூரில் கே.வி. சுப்பண்ணா நடத்திவந்த நீநாசம் அமைப்பு 1970-களின் பிற்பகுதியில் உலகத் திரைப்படங்களை ஊர் மக்களுக்குக் காட்டத் தொடங்கியது. காப்பகத்திலிருந்து பதேர் பாஞ்சாலி, பைசிக்கிள் தீவ்ஸ், ரஷோமான் போன்ற படங்கள் அங்கு சென்றன. பாக்குத் தோட்டங்களில் வேலை செய்பவர்களும் விவசாயிகளும் அவற்றைப் பார்த்து விவாதித்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவ்வூர்க்காரர்கள் தங்களுக்குப் பிடித்த படங்களாக அவற்றைச் சொன்னார்கள். மொழி தெரியாத, நாடு தெரியாத படங்கள் அவை. மக்களுக்கு இதெல்லாம் பிடிக்காது என்று சொல்பவர்கள், மக்களுக்கு அதைக் காட்டிப் பார்க்காதவர்கள் என்பது ஹெக்கோட்டில் வெளிப்பட்டது.

ஓய்வுக்குப் பின்

நாயர் 1991-ல் காப்பகத்தின் இயக்குநராக ஓய்வுபெற்றார். பின்னர் காப்பகத்துக்கு அருகிலேயே புனேயில் வாழ்ந்தார். 2003 ஜனவரியில் திரைப்படக் கல்லூரி வளாகத்தில் நைட்ரேட் சுருள்கள் வைக்கப்பட்டிருந்த கிடங்கு எரிந்தது. முப்பது ஆண்டு உழைப்பில் சேர்ந்தவற்றில் ஒரு பகுதி சில மணி நேரத்தில் போயிற்று. பல படங்கள் முன்னரே புதிய சுருளுக்கு நகலெடுக்கப்பட்டிருந்தன என்றாலும் மூலப்பிரதிக்கு நகல் ஈடாகாது என்பதை அவர் அறிவார். எண்மத் தொழில்நுட்பம் வந்தபிறகு, வட்டில் பதிந்துவிட்டோம், இனிச் சுருள் எதற்கு என்று பேச்சு எழுந்தபோதும் அதை ஏற்க மறுத்தார். கருவியும் மென்பொருளும் சில ஆண்டுகளில் வழக்கொழிந்துபோகும். நூறாண்டு நின்று காட்டியது செல்லுலாய்ட் மட்டுமே என்பது அவர் கருத்து.

2008-ல் சத்யஜித் ரே நினைவு விருது பெற்றார். சிவேந்திர சிங் துங்கர்பூர் அவரைப் பற்றி எடுத்த செல்லுலாய்ட் மேன் (2012) என்ற ஆவணப்படம் இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றது. இரண்டரை மணி நேரத்துக்கும் நீண்ட அந்தப் படம் செல்லுலாய்ட் சுருளிலேயே எடுக்கப்பட்டது. அதே ஆண்டு, மார்ட்டின் ஸ்கோர்செசி தொடங்கிய உலக சினிமா நிறுவனம் மீட்டெடுத்த கல்பனா கான் விழாவில் திரையிடப்பட்டது. வெளியானபோது தோற்ற படம் அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் புதிய பார்வையாளர்களைக் கண்டது.

நாயர் 2016 மார்ச் 4-ல் புனேயில் காலமானார். அதே மாதம் 21-ம் தேதி சென்னையில் பிலிம் நியூஸ் ஆனந்தன் மறைந்தார். அரசுப் பதவியோ நிறுவனமோ இல்லாமல் தமிழ்ப் படங்களின் தகவல்களையும் புகைப்படங்களையும் தன் வீட்டிலேயே சேர்த்தவர் ஆனந்தன். பின்னர் தமிழக அரசு அச்சேகரிப்பைப் பெற்றுக்கொண்டது. நாயர் படச்சுருளைத் தேடினார், ஆனந்தன் படத்தைப் பற்றிய ஒவ்வொரு விவரத்தையும் தேடினார். சுருள் அழிந்துபோன எத்தனையோ தமிழ்ப் படங்களுக்கு ஆனந்தனின் குறிப்புகளும் புகைப்படங்களும்தான் இன்று மிச்சம்.

நாயரின் கட்டுரைகள் எஸ்டர்டேஸ் ஃபிலிம்ஸ் ஃபார் டுமாரோ என்ற தலைப்பில் அவர் மறைவுக்குப் பின் 2017-ல் ஆங்கிலத்தில் நூலாயின. ஆலம் ஆராவைத் தேடுபவர்கள் இப்போதும் இருக்கிறார்கள்.